புதுப்பிப்பு: தரக் குழுவில் தொடர்வது பற்றி

சேலத்தில் இருந்தபடி சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியின் விதிகளை வகுக்கும் தரக் குழுப் பணியில் நான் தன்னார்வலராகக் கலந்துகொள்வதையும், குழுவினரை "ஆமைகள், பெரிய நிறுவனங்களின் கைப்பாவைகள்" என்று இணையத்தில் சிலர் வசைபாடுவதையும் சொல்லி, விலகிவிடலாமா என்று சென்ற இழையில் கேட்டிருந்தேன். இப்போதைக்கு விலகவில்லை.

இந்தத் தரத்தை வெளியிடும் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. சம்பளம் தருகிறதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் இணையவழிக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 8.30, ஏற்காட்டில் மாமா வீட்டில் இருக்கும் நாளில் மழை பிடித்தால் இணைப்பும் போய்விடும்.

தாமதம் என்ற குறையை ஓரளவு ஏற்கிறேன். ஒப்பந்தங்கள் (ஒரு செயற்கூறு இயங்கும் முன்னும் பின்னும் எவை உண்மையாக இருக்க வேண்டும் என்பதை நிரலிலேயே எழுதுவது) என்னும் வசதி 2019 ஜூலையில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த கூட்டத்தில் தரத்தின் வரைவிலிருந்து நீக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில்தான் சி பிளஸ் பிளஸ் 26 என்ற பதிப்புக்கான வரைவில் சேர்ந்தது. ஆனால் ஒரு முன்மொழிவைப் பற்றிக் குழுவுக்குள் எடுக்கும் கருத்துக்கணிப்பில் வலுவான ஆதரவு முதல் வலுவான எதிர்ப்பு வரை ஐந்து நிலைகள் உண்டு. வெறும் பெரும்பான்மை போதாது, எதிர்ப்பவரின் காரணத்தையும் கேட்டாக வேண்டும். எந்த நிறுவனமும் தனியாக நினைத்ததைச் சாதித்துவிட முடியாததற்கும் இதே நடைமுறைதான் காரணம் என்பதை வசைபாடுவோர் கவனிப்பதில்லை.

நினைவகப் பாதுகாப்பு, அதாவது கணினி நினைவகத்தை நிரல் தவறாகக் கையாண்டு ஓட்டை விழாமல் மொழியே தடுப்பது, பற்றிய விமர்சனம் வேறு ரகம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையே 2022-இல் இவ்வகையில் பாதுகாப்பான மொழிகளுக்கு மாறப் பரிந்துரைத்த பிறகு, அதை வம்பு என்று தள்ள முடியாது. இனி என் நேரத்தை நினைவகப் பாதுகாப்பு குறித்துக் குழுவுக்கு வரும் முன்மொழிவுகளைப் படிப்பதற்கே ஒதுக்குகிறேன்.