பாலாய் ராயாவில் 11 பேர் ஓவியக் கண்காட்சி: ஆணி அடிக்காமல் மாட்டுவது எப்படி?

தோட்டத்துச்சிட்டு கேட்டது:
மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்) ஒன்று மூன்று நாளுக்குக் கிடைத்திருக்கு. 11 பேர், 34 படைப்புகள். அக்ரிலிக், நீர்வண்ணம், பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி), ஒருத்தர் தரையில் அரிசிக்கோலம். ஜன்னல் போக 48 அடி சுவர்தான் மிச்சம். ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 10 அடி உயரத்தில் சுவரை ஒட்டி ஒரு மரச்சட்டம் ஓடுது. ஒட்டும் பட்டை போட்டால் தாங்குமா? மேற்கு ஜன்னல் வழியா மத்தியான வெயில் நேரா உள்ளே விழுது.

சட்டக்காரன்:
பட்டை வேண்டாம். கறுப்புச் சட்டைத் துணியால் சுவரை ஒரு தேய் தேய்த்துப் பாருங்க. வெள்ளையாப் பொடி ஒட்டினால் பட்டை பிடிப்பது சாயத்தைத்தான், சுவரை இல்லை. ராத்திரி ஈரத்தில் சாயத்தோடு உரிந்து படம் கீழே கிடக்கும்.

அந்த மரச்சட்டம் உங்களுக்குப் பெரிய வரம். அதில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்க. ஒரு படத்துக்கு இரண்டு கயிறு. ஒற்றைக் கயிறு என்றால் காற்றாடி சுற்றும்போது படமும் சுற்றும். தங்சி (நைலான் தூண்டில் நரம்பு) வாங்காதீங்க, அது மெல்ல நீளும், முடிச்சும் வழுக்கும். பின்னிய மெல்லிய இரும்புக் கம்பி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். படச் சட்டத்தின் பின்பக்க வளையம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் படம் முன்னால் சாயும்.

உயரக் கணக்கு: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. படம் 60 செ.மீ. உயரம், வளையம் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. கீழே என்றால், 145 கூட்டல் 30 கழித்தல் 15. வளையம் 160 செ.மீ.யில் வரணும். எல்லாப் படத்துக்கும் நடுப்புள்ளி 145 என்றே வைத்துக் கணக்குப் போடுங்க. மேல் விளிம்பை வரிசையாக்கப் பார்த்தால் சின்னப் படமெல்லாம் கூரையைப் பார்க்கப் போயிடும்.

கித்தாக்காடு:
மாட்டுவது இருக்கட்டும், 34 கொள்ளாது. சட்டத்தோடு சராசரி இரண்டரை அடி அகலம் வைத்தால் 14 படத்துக்கு 35 அடி, நடுவில் 13 இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு அடி, 48 அடி முடிந்தது. 8க்கு 4 அடி பிளைவூட் ஆறு வாங்கி மும்மூன்றாகக் கீல் போட்டு வளைத்து நிறுத்துங்க. இரு பக்கமும் 12 முகம், முகத்துக்கு ஒரு படம். மொத்தம் 26. ஆளுக்கு இரண்டு கட்டாயம், மிச்சம் நாலு யாருடையது என்று முன்கூட்டியே பேசி வைங்க. கடைசி நாள் பேசினால் சண்டைதான்.

12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையின் ஓரத்தில் திருகு பிடிக்காது, கீலைப் போல்ட் நட்டு போட்டு இறுக்குங்க. ஒரு பலகையே 20 கிலோ வரும். மூன்றையும் நேர்கோட்டில் நிறுத்தினால் பிள்ளைகள் ஓடும்போது சாயும். அடியில் மணல் மூட்டை வைங்க. நீர்வண்ணத்தைப் பலகையின் உள்முகத்தில் மாட்டுங்க, வெயில் நேரா படாது.

சட்டக்காரன்:
நீர்வண்ணக்காரங்க சிலர் தாளை நாலு பக்கமும் செலோடேப் ஒட்டிக் கொண்டுவருவாங்க. ஈரம் ஏறினால் தாள் விரியும், விரிய இடமில்லாமல் அலை அலையாப் புடைக்கும். மேலே மட்டும் இரண்டு இடத்தில் பிடிக்கணும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் ஓரத்தைச் சுற்றி அட்டை இருக்கணும், ஒட்டிக்கொண்டால் பூஞ்சை. பகலில் ஏர்கோன், ராத்திரி அடைத்துப் பூட்டுவது, இந்த ஏற்ற இறக்கம்தான் தாளுக்கு எமன். காற்றாடியே போதும், ஆனால் படத்தை நோக்கித் திருப்பாதீங்க.

வெயில்பொட்டு:
அரிசிக்கோலம் பற்றி யாரும் சொல்லலை. சாயம் கலந்த அரிசியைக் குறைந்தது இரண்டு நாள் காயவைக்கணும், ஈரம் இருந்தால் பக்கத்து நிறத்தோடு கலங்கும், புளித்த வாடையும் வரும். நேரா தரையில் போடாமல் கறுப்புச் சாயம் அடித்த பலகை மேல் போட்டால் எறும்பு மருந்தை அடியில் சுற்றிலும் கோடு போடலாம். வாசலுக்கும் காற்றாடிக்கும் தள்ளிப் போடுங்க, சுற்றி இரண்டடி தள்ளிக் கயிறு கட்டுங்க.

தோட்டத்துச்சிட்டு:
நன்றி அண்ணே, அக்கா. பெயர் அட்டை தமிழில் மட்டும் போதுமா?

கித்தாக்காடு:
மலாயையும் சேர்த்துப் போடுங்க, பக்கத்துக் கம்போங் (மலாய் கிராமம்) ஆட்களும் வருவாங்க. பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (அக்ரிலிக், நீர்வண்ணம் மாதிரி), அளவு (உயரம் முதலில்), விலை ரிங்கிட்டில். விற்கலைன்னா விற்பனைக்கு இல்லைன்னு எழுதுங்க, காலியா விட்டால் மூன்று நாளும் அதையேதான் கேட்பாங்க. ஓவியர்கிட்ட இருந்து படத்தை வாங்கி வைக்கும்போதே முன், பின், நாலு மூலையும் போன்ல எடுத்துக் கையெழுத்து வாங்கிக்குங்க.