எக்ஸ்டர்னல் ஐடி என்ன பாஸ்வேர்டா?

சாவிக்கொத்து:
"ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) ரோலை வெளி வெண்டருக்குக் கொடுக்கும்போது எக்ஸ்டர்னல் ஐடியைப் பாஸ்வேர்டு மாதிரிப் பூட்டி வையுங்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். ரோல் என்பது கணக்குக்குள் நுழையத் தற்காலிகமாகத் தரும் அனுமதி; எக்ஸ்டர்னல் ஐடி, அதை எடுக்கும்போது வெண்டர் சேர்த்து அனுப்பும் அடையாளக் குறி. பாஸ்வேர்டாம்! ரோலைப் பார்க்க அனுமதி உள்ள யாரும், அதை யார் எடுக்கலாம் என்று சொல்லும் டிரஸ்ட் பாலிசியைத் திறந்தால் ஐடி பச்சையாகக் கிடக்கும். அமேசானின் ஆவணமே அதை ரகசியமாகக் கருதுவதில்லை.

மேகராசா:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ரகசியம் இல்லையென்றால் உங்களுடையதை இங்கே ஒட்டுங்களேன் சார்.

சாவிக்கொத்து:
ஒட்டினால் என்ன ஆகிவிடும்? டிரஸ்ட் பாலிசியின் பிரின்சிபலில், அதாவது யாருக்கு அனுமதி என்ற இடத்தில், இருப்பது வெண்டரின் 12 இலக்கக் கணக்கு எண். ஐடி கையில் இருந்தாலும் உங்கள் கணக்கிலிருந்து அசியூம்ரோல் (ரோலை எடுக்கும் கட்டளை) அடித்தால் அக்சஸ் டினைட்தான். அது தடுப்பது வேறு ஆளை. ஐடி இல்லையென்றால், அதே வெண்டரின் இன்னொரு வாடிக்கையாளர் என் ரோலின் முகவரியான ஏஆர்என்னைத் தன்னுடையது என்று கொடுத்து, வெண்டர் தோளில் ஏறி என் கணக்குக்குள் வருவான். இப்படி அதிகாரமுள்ள இடையாளை ஏமாற்றுவதுதான் கன்ஃபியூஸ்டு டெபுட்டி, கணினி ஆய்வாளர் நார்ம் ஹார்டி 1988இலேயே எழுதிவிட்டார். ஆளுக்கொரு ஐடி வேண்டும், அவ்வளவுதான். மறைக்க வேண்டியதில்லை.

மேகராசா:
இவ்வளவு பேசியும் ஒட்டவில்லை பாருங்கள்.

புதுவரவு:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. ஃபைல்கள் வைக்கும் பக்கெட்டின் பாலிசியில் எங்கள் இன்னொரு கணக்குக்கு அனுமதி கொடுத்தாச்சு. லிஸ்ட் வருகிறது, ஃபைல் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. என்க்ரிப்ஷனுக்கு அமேசானே தரும் கேஎம்எஸ் (சாவி மேலாண்மைச் சேவை) சாவிதான்.

இரவுப்பணி:
அதுதான் கோளாறு. அந்தச் சாவியின் பாலிசியை மாற்ற முடியாது. சொந்தச் சாவி உருவாக்கி, கீ பாலிசி, எதிர் கணக்கின் ஐஏஎம் (அனுமதி நிர்வாகம்) பாலிசி இரண்டிலும் டிக்ரிப்ட் (என்க்ரிப்ஷனை அவிழ்க்கும்) அனுமதி கொடுங்கள். பழைய ஃபைல்களைப் புதுச் சாவியில் மறுபடி காப்பி செய்யணும். உங்கள் சொந்தக் கணக்குகளுக்குள் எக்ஸ்டர்னல் ஐடி பேச்சே தேவையில்லை.

சாவிக்கொத்து:
வந்துட்டார். போன மாதம் ரூட் யூசருக்கு (கணக்கின் முழு அதிகாரம் உள்ளவருக்கு) அக்சஸ் கீ (நிரல்வழி நுழையும் சாவி) போடலாம் என்றவர்தானே நீங்கள்?

இரவுப்பணி:
'அவசரத்துக்கு' என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் வெட்டிவிட்டு எடுத்துக்காட்டுவது உங்கள் பழைய பழக்கம்.

சாவிக்கொத்து:
அவசரத்துக்கும் கூடாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐடி ரகசியம் என்று நம்பிய எங்கள் டீம் ஆள் ஒருவர், பிரின்சிபலில் நட்சத்திரக்குறி போட்டு வைத்தார். யார் வேண்டுமானாலும் வாங்க என்று!

மேகராசா:
அப்போ உள்ளே விடாமல் காப்பாற்றியது எது? ஐடி. பாஸ்வேர்டு மாதிரி.

சாவிக்கொத்து:
காப்பாற்றியதா? யார் என்ன செய்தார் என்று பதியும் கிளவுட்டிரெயில் லாகைத் திறந்தால் அசியூம்ரோல் வரியில் அந்த ஐடி எழுத்து பிசகாமல் இருக்கிறது! பாஸ்வேர்டை யாராவது லாகில் எழுதுவார்களா?

மேகராசா:
எங்கள் பழைய ஆபீசில் எழுதுவார்கள். நீங்கள் இன்னும் ஒட்டவில்லை.

புதுவரவு:
பழைய ஃபைல்களைக் காப்பி செய்தால் அவற்றின் வெர்ஷன் ஐடி மாறுமா?

சாவிக்கொத்து:
மேகராசா, லாகுக்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.