புதுப்பிப்பு: விலகிய ஊழியர், போட்டி நிறுவனத்திடமிருந்து ஆதாரம்

உதவிய எல்லோருக்கும் நன்றி. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலோடு போட்டி நிறுவனத்துக்குப் போன ஊழியர் விஷயத்தில், அந்த நிறுவனத்திடமிருந்து ஆதாரம் பெறுவது எப்படி என்று கேட்டிருந்தேன். அவர் திருப்பித் தந்த மடிக்கணினியை யாரும் திறக்காமல் முதலில் தடயவியல் நகல் (உள்ளே இருப்பது எதுவும் மாறாமல் அப்படியே எடுக்கும் பிரதி) எடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. பென்டிரைவ் செருகிய பதிவும் கோப்புப் பெயர்களும் அதிலேயே கிடைத்தன. அப்புறம், எதையும் அழிக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ். எல்லா மின்னஞ்சலும் வேண்டும் என்று கேட்காமல் இன்ன கோப்பு, இன்ன தேதி என்று சுருக்கிக் கேட்டதால்தான் அவற்றைத் தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது, அதுவும் அவர்களின் வியாபார ரகசியம் கருதி வக்கீல்களும் நடுநிலை நிபுணரும் மட்டும் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு. எதிர்பாராதது: வேலை ஒப்பந்தத்தில் இருந்த போட்டித் தடை ஷரத்து (போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது) கடைசிவரை பயன்படவே இல்லை, ரகசியக் காப்பு ஷரத்துதான் (நிறுவனத் தகவலை வெளியே தரக் கூடாது என்பது) நின்றது. கடைசியில், அவர்களிடம் இருந்த எங்கள் கோப்புகள் அழிக்கப்பட்டதை நிபுணர் உறுதிசெய்ததும் சமரசம். அந்த ஊழியர் போட்டி நிறுவனத்திலேயேதான் வேலை செய்கிறார்.