கரண்ட் போனா தெரியுது, வந்தா மறையுது: கோளாறு மானிட்டர்லயா, எக்ஸ்ரேயிலயா?

தக்கலைக்காரன்:
தக்கலை பக்கம் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்கேன். போன செவ்வாக்கெழம கடலுக்குப் போற அண்ணன் ஒருத்தர் வந்தாரு. மூச்சு இழுக்கும்போ வலப்பக்கம் குத்துதாம். நெஞ்சுப் படத்துல ஒண்ணும் தெரியல்ல. அந்நேரம் பாத்து கரண்ட் போச்சு. யூபிஎஸ்ல கம்ப்யூட்டர் மட்டும் ஓடுது, ரூம் கும்மிருட்டு. பாத்தா, நுரையீரல் மேல்முனையில முடி கனத்துக்கு ஒரு வெள்ளக்கோடு! அதுக்கு வெளிய ரத்தக்குழாய் நிழலே இல்ல. டியூப்லைட் எரிஞ்சதும் கோட்டக் காணல்ல. ரிப்போர்ட் எழுதுற டாக்டருக்குப் போன் பண்ணுனேன். அவரு பாத்துட்டு, நியூமோதொராக்ஸ்தான், நுரையீரலுக்கு வெளிய காத்து சேந்திருக்குன்னு சொல்லிட்டாரு.

அதுலேருந்து பயந்து பிரைட்னஸ 100ல வச்சிருக்கேன். கறுப்பெல்லாம் சாம்பலாட்டு ஆயிப்போச்சு. தடிச்ச ஆளுங்க படத்துல மணல் வாரி எறிஞ்சது மாதிரி புள்ளி வேற. எம்ஏஎஸ்ஸ, அதாவது எக்ஸ்ரே அளவக் கூட்டுன்னு முதலாளி சொல்லுகாரு. கூட்டட்டா?

வேளிமலை அடிவாரம்:
மக்கா, எம்ஏஎஸ்ல இப்போ கைவைக்காத. மானிட்டர ஆஃப் பண்ணிட்டு, நீ எப்பவும் இருக்க அதே சேர்ல இருந்து பாரு. கறுப்புத் திரையில ஒஞ்சட்ட பட்டன் தெரியுதா? ஜன்னல் தெரியுதா? அதெல்லாம் படம் ஓடும்போதும் அங்கேயேதான் கெடக்கு, ஒனக்குத் தெரியல்ல, அவ்வளவுதான். வெள்ளையில இத்திரி வெளிச்சம் கூடுனா கண்ணு சட்ட பண்ணாது. கறுப்புல அதே இத்திரி ஏறுனா அடுத்தடுத்த ரெண்டு சாம்பலும் ஒண்ணாட்டு ஆயிரும். ஒனக்கு வேண்டிய கோடு இருந்ததே அந்தக் கறுப்புலதான்.

பிரைட்னஸக் கூட்டுனா எல்சிடியில கறுப்பும் சேந்து ஏறும். எஸ்எம்பிடிஇ பேட்டர்ன்னு ஒரு சோதனப் படம் உண்டு, போட்டுப் பாரு. 0 சதவீதக் கறுப்புக்குள்ள 5 சதவீதக் கட்டமும், 100 சதவீத வெள்ளைக்குள்ள 95 சதவீதக் கட்டமும் தனியாட்டு தெரியணும். தெரியல்லன்னா நீ எடுக்க படத்துலயும் அந்த எடமெல்லாம் செத்துப் போச்சு. ரிப்போர்ட் பாக்க மானிட்டருக்கு வெள்ளையோட வெளிச்சம் சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா, மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) 420, ரூம் வெளிச்சம் 25லேருந்து 50 லக்ஸ். இதுதான் நடைமுறைக் கணக்கு. ஆபீஸ் மானிட்டர் அந்த 350ஐத் தொடுகது அபூர்வம்.

புள்ளி வேற கேஸு. எங்கம்மை சுளவுல அரிசி பொறுக்கும்போ நான் டார்ச் அடிச்சுக் குடுப்பேன். அரிசியும் மின்னும், கல்லும் மின்னும். பிரைட்னஸ் அதத்தான் செய்யும். புள்ளி வாரது டிடெக்டருக்கு, அதான் படத்தப் பிடிக்க தட்டுக்கு, எக்ஸ்ரே போதாததுனால. ஃபிலிம் காலத்துல டோஸ் கொறஞ்சா படமே வெளுத்து, நாம பண்ணுன தப்பு எல்லாருக்கும் தெரியும். இப்போ சாஃப்ட்வேர் சமப்படுத்திக் குடுத்துருது, புள்ளி மட்டுந்தான் காட்டிக்குடுக்கும். டிடெக்டருக்கு எவ்வளவு எக்ஸ்ரே வந்துச்சுன்னு மெஷின் காட்டுக நம்பர்தான் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ், அது என்ன காட்டுதுன்னு ஒரு வாரம் எழுதி வை. டோஸ ரெட்டிச்சாலும் புள்ளி 30 சதவீதம்போலதான் கொறையும், பாதியாக்க நாலு மடங்கு வேணும். முதலாளிக்கு என்ன, வாங்குகது நோயாளி ஒடம்புல்லா. தடிச்ச ஆளுக்கு கிரிட் (சிதறுன எக்ஸ்ரேயத் தடுக்க தட்டு) போடுகியா, காலிமேஷன் (எக்ஸ்ரே விழுக எடம்) சுருக்குகியான்னு மொதல்ல சொல்லு.

ரீடிங் ரூம்:
மேல சொன்னதோட ஒண்ணே ஒண்ணு. விண்டோவை (திரையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே காட்டும் சாம்பல் எல்லையை) இறுக்கினால் மங்கலான கோடு எழும்பும், புள்ளியும் கூடவே எழும்பும். அதனால் நுரையீரல் முனைக்கு ஒரு தடவை, இதயத்துக்குப் பின்னால் ஒரு தடவை என்று நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். டெக்னீஷியன் மானிட்டரில் தெரியவில்லை என்பதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, பட்டன் மட்டுமில்ல, சட்டப்பையில இருந்த பேனாவும் தெரிஞ்சுது! மேற்க ஜன்னலுக்கு நேரா திரை இருந்திருக்கு. மேசையத் திருப்பிப் போட்டு, ஒரு டியூப்லைட்ட ஊரிட்டேன். பிரைட்னஸ் இப்போ 70, 5 சதவீதக் கட்டம் தெரியுது. செவ்வாக்கெழமப் படத்தத் திரும்ப எடுத்துப் பாத்தேன், லைட்டு எரியும்போதே கோடு நிக்குது.

கிரிட் அலமாரியில இருந்துச்சு, உறையே பிரிக்கல்ல.