முன்னாள் மாணவியர் மலரில் ஐம்பது வயதுக்குப் பிந்தைய பணிகளை எவ்வாறு பதிவு செய்வது?

கேள்வி: மலர்க்குழு உறுப்பினர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். நான் படித்த மகளிர் கல்லூரியின் முன்னாள் மாணவியர் சங்கம் ஒரு மலர் வெளியிட இருக்கிறது. 1970களில் பட்டம் பெற்றவர்களின் பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. நாங்கள் அனுப்பிய படிவத்தில் பெயர், படித்த ஆண்டு, வகித்த பதவி, பெற்ற விருது என நான்கே கட்டங்கள் உள்ளன. திரும்பி வந்த பலவற்றில் கடைசி இரண்டு கட்டங்களிலும் வெறும் கோடுதான் இழுக்கப்பட்டிருக்கிறது. சிலர் ‘இல்லத்தரசி’ என்று எழுதியதோடு நிறுத்திவிட்டார்கள். அப்படி எழுதியிருந்த ஓர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியபோதுதான், பிள்ளைகளுக்குத் திருமணம் முடிந்த பிறகு அவர் தம் ஊரில் கணவரை இழந்த பெண்களுக்கு ஓய்வூதிய விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, தாலுகா அலுவலகம் வரை உடன் சென்று, ஆணை கைக்கு வரும்வரை விடாமல் அலைந்து வருகிறார் என்பது தெரிந்தது. அதைச் சாதனை என்று எழுத அவருக்கே தோன்றவில்லை. இத்தகைய பணிகளை எப்படிக் கேட்டு வாங்குவது, பெயர் பெற்றவர்களின் குறிப்புகளோடு எப்படிச் சேர்த்து வைப்பது?

பதில்: தாவரவியல் ஆசிரியை, சென்னை

பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையே அந்தப் படிவத்துக்குள் அடங்காது, சகோதரி. 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியில் படித்து, பின் மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் அவர் செய்த கரும்பு ஆராய்ச்சியையும், ஆங்கிலேய அறிவியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட, பயிர்களின் குரோமோசோம்களை (மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளை) பற்றிய தொகுப்பு நூலையும் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஐம்பதைக் கடந்தபின், 1951இல், நேருவின் அழைப்பை ஏற்று இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் தாயகம் திரும்பியதும், எழுபதைக் கடந்தபின் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் இணைந்து மதுரவாயல் ஆய்வுக் களத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்ததும், எண்பதை ஒட்டிய வயதில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து நின்றதும் என்னை இன்னும் அதிகமாக நெகிழ வைக்கின்றன. பத்மஸ்ரீ விருதே 1977இல்தான் வந்தது. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

மேலே அம்மா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்துவிட்டு மருத்துவம் பயின்ற டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து 1978இல் ஓய்வு பெற்றார். மனச்சிதைவு நோயாளிகளுக்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை அவர் தொடங்கியது 1984இல், அறுபத்தொரு வயதில். ஆகவே ‘வகித்த பதவி’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, “ஐம்பது வயதுக்குப் பிறகு உங்களைத் தேடி யார் யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள்?” என்று கேளுங்கள். சாதனை என்ன என்று கேட்டால் நம் பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். யார் தேடி வருகிறார்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

பதில்: முன்னாள் நூலகர், பாளையங்கோட்டை

நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரிப் பதிவேட்டில் தகப்பனார் பெயரின் முன்னெழுத்து இருக்கும். திருமணத்துக்குப் பிறகு குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் கணவர் பெயரின் முன்னெழுத்து ஏறிவிடும். பதிவேட்டில் ‘மு. செல்வி’ என இருப்பவர் இன்று ‘ரா. செல்வி’ ஆகியிருந்தால், சங்கம் அனுப்பும் கடிதம் அவரைச் சென்றடையாமலே போகும். இரண்டு முன்னெழுத்துகளையும், அப்போது தங்கியிருந்த விடுதியின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

மற்றொன்று, தனியாள் பெயரில் நிற்காத பணிகளுக்கும் மலரில் இடம் வேண்டும். 2003இல் இராணி மேரி கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது, மாணவியர் போராடினர், முன்னாள் மாணவியரும் அவர்களுக்குத் துணையாகக் குரல் கொடுத்தனர், திட்டம் கைவிடப்பட்டது, கடற்கரைச் சாலையில் கல்லூரி இன்றும் இருக்கிறது. அதற்காக யாருக்கும் பதக்கம் தரப்படவில்லை. ‘சமூகத் தொண்டு’ என்று பின்பக்கத்தில் ஒரு தனிப் பகுதி அமைப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். படித்த ஆண்டு வரிசையில், மாவட்ட ஆட்சியராக இருந்தவருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவருக்கும் ஒரே அளவு இடம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய படிவத்தில் இரண்டு முன்னெழுத்துகளுக்கும் கட்டம் வைத்து, திருச்சி அம்மா சொன்ன கேள்வியை அப்படியே சேர்த்துவிட்டேன். ஆண்டு வரிசை பற்றிக் குழுவில் பேச வேண்டியிருக்கிறது. புரவலர்களின் படங்கள் முதலில் வர வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள், நான் நூலகர் ஐயாவின் பக்கம்தான் நிற்கப் போகிறேன். கோடு இழுத்து அனுப்பிய அனைவரையும் நேரில் சென்று பார்க்க முடிவு செய்திருக்கிறோம். தேனி, திண்டுக்கல் பக்கம் இருக்கும் முன்னாள் மாணவியர் யாரேனும் இப்பணியில் உதவ முடிந்தால் இங்கேயே தெரிவியுங்கள்.