டிஸ்டல் டேப்பர்: வாளுக்கு ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: உறைவாள்

அன்பர்களுக்கு வணக்கம்.

புதுவரவு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, படங்கள் இணைப்பில். 1300ஐ ஒட்டிய காலத்து ஐரோப்பிய ஒருகை வாளின் மறுஆக்கம். வாள் ஆய்வாளர் யூவர்ட் ஓக்‌ஷாட் 1960களில் வகுத்த வரிசையில் 14ஆம் வகை. அலகு 71 செ.மீ., முழு எடை 1.15 கிலோ. கைப்பிடித் தோலுக்கு அடியில் நூல் வரிந்திருக்கிறார்கள்; விரலை ஓட்டினால் வரி வரியாகத் தட்டுப்படும். பிடிக்குள் போகும் அலகின் வால், பிடியின் கடைசியில் இருக்கும் குமிழைத் துளைத்து மறுபக்கம் வந்து, சூட்டோடு அடித்துப் பரத்தப்பட்டிருக்கிறது. மரை போட்டு முறுக்கிய வேலை இல்லை.

இங்கே ஜேர்மனியில் 18 வயது நிரம்பியவர் இதை வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் திரிய முடியாது, பூட்டிய பெட்டியில்தான் கொண்டு போகவேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், படம் பார்த்த உடனே இரண்டு தம்பிமார் 'எங்க அண்ணை வாங்கினீங்கள்?' என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காக வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். எஃகு, உறை, குமிழ், பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குக்காப்பு எல்லாம் எழுதியாயிற்று. 'டிஸ்டல் டேப்பர்' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. அலகின் தடிப்பு காப்பிலிருந்து நுனி நோக்கிக் குறைந்து வருவதற்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

விஷயம் இதுதான். வெர்னியர் அளவுகோல் வைத்து இந்த வாளின் தடிப்பை அளந்தேன். காப்பருகே 5.6 மி.மீ., நடு அலகில் 3.8, நுனிக்கு 4 செ.மீ. முன்னால் 2.1. என்னிடம் இன்னொரு வாளும் இருக்கிறது, கடைப்பெயர் வேண்டாம். தூரத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. அது அடியிலும் 4.5, நடுவிலும் 4.5, நுனியை எட்டும்வரை 4.5. எடை 1.6 கிலோ. தட்டையான எஃகுப் பட்டையை வெளிவடிவத்துக்கு வெட்டி, விளிம்பை மட்டும் தீட்டி விட்டிருக்கிறார்கள். வீசினால் கை வாளைக் கொண்டுபோவதில்லை, வாள்தான் கையை இழுத்துக்கொண்டு போகிறது.

விற்பவர் படத்தில் இது ஒருபோதும் தெரியாது. படம் எப்போதும் அகலப் பக்கம்தான். ஆகவே வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டிய தகவல் இது. கேட்பதற்கு ஒரு சொல் வேண்டும், நம் சொற்பட்டியலிலும் அதைச் சேர்க்கலாம்.

~

அனுப்பியவர்: சொற்கிடங்கு

அன்புத் தம்பி,

வாள் நன்று. உடற்கூற்றியலில் 'டிஸ்டல்' என்பதற்குச் சேய்மை என்று வழங்குகிறோம். 'டேப்பர்' என்பதைப் பொறியியல் பட்டியல்களில் கூம்பல் என்றும் ஒடுக்கம் என்றும் போட்டிருக்கிறார்கள். எனவே 'சேய்மைக் கூம்பல்'. எளிமை வேண்டுமாயின் 'தடிமன் ஒடுக்கம்'.

மறுஆக்கம் என்று எழுதியிருப்பதை ஏற்கிறேன். முன்பு ஒருவர் 'போலி வாள்' என்று எழுதினார். யாரையும் ஏமாற்றச் செய்யாத பொருளைப் போலி என்பது அதைச் செய்தவரை இழிவுபடுத்துவது. அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

~

அனுப்பியவர்: உறைவாள்

ஐயா, மன்னிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் தடிமன் என்றால் சளி பிடிப்பது. 'இந்த வாளில் தடிமன் ஒடுக்கம் நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் எங்கட ஆக்கள் கொத்தமல்லிக் கசாயம் என்று நினைப்பார்கள். தடிப்பு என்றால் இரு கரையிலும் விளங்கும்.

கூம்பல் என்றதும் எனக்குக் கூம்புதான் கண்ணில் வருகிறது, எல்லாப் பக்கமும் ஒருசேரக் குறுகும் உருவம். வாளில் நடப்பது அதுவல்ல. அகலம் குறுகுவது ஒன்று, தடிப்பு குறைவது வேறொன்று. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஓக்‌ஷாட்டின் வகைப்பாடு வெளிவடிவத்தையும் குறுக்குவெட்டையும் பார்த்துப் பிரிப்பது. அவருடைய 14ஆம் வகைக்கு முற்றிலும் பொருந்திய வெளிக்கோட்டோடு ஒரு சப்பட்டைத் தகட்டையும் செய்து விற்கலாம். அதைத்தான் பலர் செய்கிறார்கள்.

ஜேர்மன்காரர் டேப்பரை 'ஃபெர்யூங்குங்' என்பார்கள், இளமையாக்குதல் என்ற சொல்லே அதுவும். அழகாக இருந்தாலும் அவர்களுக்கும் எது குறுகுகிறது என்று அடைமொழி போடத்தான் வேண்டியிருக்கிறது. யப்பானியர் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. அடியகலத்துக்கு மோட்டோஹபா, நுனியகலத்துக்கு சாகிஹபா, அடித்தடிப்புக்கு மோட்டோகசானே, நுனித்தடிப்புக்கு சாகிகசானே. நான்கு அளவு, நான்கு சொல். கட்டானா விற்பனைக் குறிப்பில் இந்த நாலும் வரிசையாக நிற்கும், பேரம் பேசுகிறவன் அதைப் பார்த்துத்தான் பேசுவான்.

அளவுச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். குறைந்து வருகிற அந்தத் தன்மைக்குத்தான் இன்னும் பெயர் இல்லை.

~

அனுப்பியவர்: கொல்லுலை

ஐயாமார்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் திருப்பாச்சேத்திப் பக்கம், அரிவாளுக்குப் பேர் போன இடம். பட்டறையில் 'போகப்போக மெல்லிசாத் தட்டு' என்பார்களே தவிர அதற்கென்று தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் புறநானூறு 312இல் 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்று வருகிறதே. வடித்தல் என்பது இரும்பைக் காய்ச்சி அடித்து நீட்டிக் கூராக்குவது. வெள்ளம் வடிகிறது என்கிறோம், மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. தடிப்பு இறங்குவதற்கும் அதுவே பொருந்தும். 'வடிப்பு' என்று வைக்கலாமே? சொல் நம் வீட்டிலேயே கிடக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்?

~

அனுப்பியவர்: கணக்கன்

உறைவாள் அண்ணா, கொல்லுலை அண்ணா இருவருக்கும்.

வடிப்பு எனக்கும் பிடித்தது. ஒரு தடை இருக்கிறது. இன்றைய நல்ல மறுஆக்க வாள்களில் பல, அடித்து நீட்டியவை அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் ஆல்பியன் என்ற வாள் நிறுவனம், தடித்த எஃகிலிருந்து கணினி இயந்திரத்தால் கடைந்தெடுத்துப் பிறகு கையால் தீட்டி முடிக்கிறது. ஸ்வீடன் கொல்லர் பீட்டர் ஜான்சன் அருங்காட்சியக வாள்களை அளந்து அவர்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கிறார். தடிப்பு இறங்கும் விதம் அசலைப் போலவே வருகிறது. அங்கே வடித்தல் நடக்கவே இல்லை. செய்முறையின் பெயரை அளவின் பெயராக வைத்தால், கடைந்த வாளுக்கு வடிப்பு உண்டு என்று சொல்ல வேண்டி வரும்.

இதன் பின்னாலுள்ள கணக்கையும் சொல்லிவிடுகிறேன், சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று தெரியும். சுழற்றும்போது எடையின் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். கையிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருக்கும் 10 கிராம், 20 செ.மீ. தள்ளியிருக்கும் 90 கிராம் அளவுக்குச் சுழற்சியைத் தடுக்கும். நுனிப்பக்கத்தில் சுரண்டி எடுக்கும் ஒவ்வொரு கிராமும் அடிப்பக்கத்தில் எடுப்பதைவிடப் பல மடங்கு மதிப்பு. அதனால்தான் உங்கள் 4.5 மி.மீ. வாள் கையை இழுக்கிறது. சில தயாரிப்பாளர்கள் இதை மறைக்கக் குமிழைக் கனமாக்குவார்கள். சமநிலைப் புள்ளி, அதாவது விரலில் வைத்தால் வாள் சாயாமல் நிற்கும் இடம், காப்பின் பக்கம் வந்துவிடும், விற்பனைக் குறிப்பில் எண் அழகாகத் தெரியும். நுனியில் கிடக்கும் எடை அங்கேயேதான் இருக்கும், மொத்த எடையும் கூடும். சமநிலைப் புள்ளியை மட்டும் கேட்டு வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

மறுபக்கமும் உண்டு. பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப்படி மாறும். பாதித் தடிப்பு என்றால் எட்டில் ஒரு பங்கு விறைப்பு. 5.6இலிருந்து 2.1க்கு இறங்கும் உங்கள் அலகில், அகலத்தைக் கணக்கில் எடுக்காமலே, நுனிப்பக்கம் ஏறத்தாழ 19இல் ஒரு பங்குதான் விறைப்பு. வெட்டு வாளுக்குச் சரி. குத்து வாளுக்கு ஆகாது. தட்டுக் கவசத்தின் இடுக்குகளில் குத்த வந்த, அதே வரிசையின் 15ஆம் வகை, சாய்சதுரக் குறுக்குவெட்டோடு நடுவில் முதுகு எழும்பி இருப்பது அந்த விறைப்புக்காகத்தான். ஆகவே கூடக்கூட நல்லது என்ற தொனி சொல்லில் வரக்கூடாது. குறைந்தால் தரம் குறைவு என்ற தொனியும் வேண்டாம்.

நான் முன்வைப்பது 'இளைப்பு'. இளைத்து வருகிறது என்கிறோம். உறைவாள் அண்ணா சொன்ன ஜெர்மன் சொல்லின் இளமையும் காதில் கேட்கிறது, ஒலி ஒற்றுமைதான் என்றாலும்.

~

அனுப்பியவர்: உறைவாள்

தம்பி கணக்கன், கணக்கு அருமை. குமிழ்க் கனத்தைப் பற்றி எழுதியதை என் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.

இளைப்பு மட்டும் வேண்டாம். ஏற்கனவே தடிமன் வந்தது, இப்போது இளைப்பும் வந்தால் வாளை ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

கொல்லுலை அண்ணை சொன்ன 'மெல்லிசு' எனக்குள் நின்றுவிட்டது. அதிலிருந்து 'மெலிவு'. அகலத்துக்கு 'ஒடுக்கம்'. ஒடுக்கமான ஒழுங்கை என்றால் அகலம் குறைந்தது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மெல்லிய தகடு என்றால் தடிப்பு குறைந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு அடைமொழி போட்டுப் பிரிக்கும் இரண்டையும் தமிழ் இரண்டு வினையாகவே வைத்திருக்கிறது. வடிப்பை உலைவேலைக்கே விட்டுவிடலாம், அடித்துச் செய்த வாளைப் பற்றி எழுதும்போது தேவைப்படும்.

~

அனுப்பியவர்: சொற்கிடங்கு

மெலிவு என்பது வலுவின்மைக்கும் ஆகும். 'மெலிவுள்ள அலகு' என்று படிப்பவர் ஒடிந்துவிடும் என்று அஞ்சுவார். தனியே நிற்க விடாதீர்கள். 'நுதிமெலிவு' என்றால் என்ன? நுதி என்பது வேலுக்கும் வாளுக்கும் உரிய பழஞ்சொல். கடினம் என்பீர்களானால் நுனிமெலிவு.

~

அனுப்பியவர்: கொல்லுலை

ஐயா, நுனிமெலிவு சரியாக வராது. சென்ற மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் ஒரு வாள் காட்டினார். நான்கில் மூன்று பங்கு ஒரே தடிப்பு. கடைசி ஒரு சாண் மட்டும் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருந்தது. நுனியில் அளந்தால் 2 மி.மீ. காட்டும். அதுவும் நுனிமெலிவுதானே? நாம் சொல்ல வந்தது அடியிலிருந்தே இறங்கி வருவது. அரிவாளிலும் அப்படித்தான். முழு நீளத்துக்கும் இறங்கிய இரும்புக்கும் கடைசியில் தேய்த்த இரும்புக்கும் கையில் எடுத்தால் தெரியும்.

நெடுக மெலிந்து வருவதால் 'நெடுமெலிவு' என்றால்?

~

அனுப்பியவர்: உறைவாள்

இதுதான். கொல்லுலை அண்ணை, நெடுமெலிவு உங்கள் பெயரில் ஏறட்டும். நுனிமெலிவையும் தூக்கி எறிய வேண்டாம், நீங்கள் சொன்ன அந்தக் கண்துடைப்பு வேலைக்கு அதுவே பெயராக இருக்கட்டும். விற்பவரிடம் 'நெடுமெலிவா, நுனிமெலிவா?' என்று கேட்டால் பாதி விடை கேள்வியிலேயே வந்துவிடும்.

பட்டியலுக்கு வரைவு:

நெடுமெலிவு: வாளின் அலகு காப்பிலிருந்து நுனி நோக்கித் தடிப்பில் தொடர்ந்து குறைந்து வரும் தன்மை. குறையும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடித்தடிப்பு, இடைத்தடிப்பு, நுனித்தடிப்பு என மூன்று இடத்திலாவது அளந்து குறிப்பிடுக. அகலம் குறைவது ஒடுக்கம்.

நடுப்புள்ளியை வேண்டுமென்றே சேர்த்தேன். யப்பானிய முறையில் இரண்டு முனையை மட்டும் அளந்தால் அண்ணை சொன்ன தேய்ப்பு வேலை தப்பிவிடும்.

~

அனுப்பியவர்: கணக்கன்

ஒரு சிறு சேர்ப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. தென்னாட்டு, தக்காண வாள்கள் பலவற்றில் பிடியிலிருந்து அலகின் மேல் வலுத்தகடு ஓடும், ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். காண்டா என்ற நேரான இந்திய வாளில் அது முதுகு நெடுகவே போகும். அடித்தடிப்பை அந்தத் தகட்டோடு சேர்த்து அளந்தால் நெடுமெலிவு இல்லாத இடத்தில் இருப்பதாகத் தெரியும். 'வலுத்தகடு நீங்கலாக' என்று வரையறையில் போடுங்கள். டேராடூனிலும் மீரட்டிலும் ஏற்றுமதிக்கு வாள் செய்யும் பட்டறைகள் பல இருப்பதால், இந்திய வடிவங்களின் மறுஆக்கம் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும்.

~

அனுப்பியவர்: சொற்கிடங்கு

சேர்த்துவிட்டேன். நுதி போனதில் எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் நெடுமெலிவு வாயில் நன்றாகப் புரள்கிறது.

பட்டியலில் அடுத்து நிற்பது ஃபுல்லர், அலகின் நடுவே ஓடும் அந்த நீள்பள்ளம். யாரோ 'குருதிக் கால்வாய்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரத்தம் ஓடுவதற்கும் அந்தப் பள்ளத்துக்கும் தொடர்பில்லை, எடையைக் குறைத்து விறைப்பைக் காக்கத்தான் அது என்று கணக்கன் முன்பே எழுதியிருந்தார். அகராதியில் 'படைச்சால்' என்று உழவுச் சாலுக்கு ஒரு சொல் கிடக்கிறது. படை என்பது கலப்பைக்கும் ஆயுதத்துக்கும் பொது. புது மடலாகத் தொடங்குகிறேன், இந்த இழையில் கலக்க வேண்டாம்.