ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகிறோம், தங்க இடம் சொல்லுங்களேன்

என் கணவரின் ஊர் யாழ்ப்பாணம், எனக்குத் திருச்சி. டொராண்டோவிலிருந்து பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குப் போகிறோம். அவர் பிறந்த வீடு கைமாறிவிட்டது. சொந்த ஊரிலேயே அறை தேடுவது அவருக்குப் பெரிய வருத்தம், வெளியே சொல்லமாட்டார்.

நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்கிறார். கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், சமையலறையோடு ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா? திருவிழா நேரத்தில் கோயிலைச் சுற்றி வீதிகளை அடைத்துவிடுவார்கள், அதனால் தூரம் முக்கியம். மாமிக்கு முழங்கால் வலி வேறு. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகில் ஏற அவரால் முடியுமா? வயதானவர்களோடு அண்மையில் போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அப்போதும் கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார்.